வெயில் இருக்கிறது, வைட்டமின் டி இல்லை: முதியோர் இல்லங்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"காலையில இளவெயில்ல பத்து நிமிஷம் உட்கார வைங்க, டி தானா வந்துரும்." முதியோர் இல்லம் நடத்துகிறவர்களும், அங்கே அம்மா அப்பாவைச் சேர்த்திருக்கிற பிள்ளைகளும் இந்த யோசனையைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் ஆறரை மணி வெயிலில் உடம்பு செய்துகொள்ளும் வைட்டமின் டி ஏறக்குறைய பூஜ்யம். கூடவே இன்னும் மூன்று பேச்சுகள் அடிபடும்: "தினமும் பால் குடிக்கிறாரே", "கால்சியம் டெஸ்ட் நார்மல்னு வந்துச்சே", "சத்து மருந்துதானே, கொஞ்சம் கூடப் போனா என்ன". மூன்றும் தவறு. ஏன் தவறு என்று புரிய, வைட்டமின் டி உடம்புக்குள் என்ன வேலை பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டுச் செலவும் பீரோ நகையும்

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் தினமும் அடுப்பு எரிந்தாக வேண்டும். சம்பளம் நின்றுபோனால் பீரோவில் இருக்கும் நகை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீடு வழக்கம்போலத்தான் தெரியும். மூன்று வேளையும் சமையல் நடக்கிறது, யாரும் பட்டினி இல்லை. பீரோ மட்டும் காலியாகிக்கொண்டே வரும்.

கால்சியம் விஷயத்தில் உடம்பும் இப்படித்தான். இதயம் துடிக்க, தசை சுருங்க, நரம்பு செய்தி அனுப்ப, ரத்தத்தில் கால்சியம் எந்நேரமும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். அதுதான் அடுப்பு. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சும் கால்சியம் சம்பளம். எலும்பு, பீரோ. பெரியவர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான்.

சம்பளப் பட்டியலில் போடும் கையெழுத்துதான் வைட்டமின் டி. அது போதுமான அளவில் இருந்தால் சாப்பாட்டில் உள்ள கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை குடல் உறிஞ்சும். இல்லாவிட்டால் 10 முதல் 15 சதவீதம்தான் உள்ளே வரும். மிச்சமெல்லாம் கழிவோடு போய்விடும். பால் எத்தனை டம்ளர் குடித்தாலும் கையெழுத்து இல்லாத சம்பளம் கைக்கு வராது.

வரவு குறைந்ததும் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். கழுத்தில் தைராய்டின் பின்புறம் அரிசி மணி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சிறிய சுரப்பிகள் இவை. இவை சுரக்கும் ஹார்மோன் எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கால்சியம் அனுப்பும். நகையை அடகுக் கடைக்குத் தூக்கிப் போகிற ஆள் இவர்தான். அதனால்தான் ரத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் நின்று, ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வருகிறது. அடுப்பு எரிகிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. பீரோவைப் பற்றி அந்த ரிப்போர்ட் ஒரு வார்த்தை சொல்லாது.

இதுவரை சொன்னதன் சாரம்: வைட்டமின் டி எலும்புக்குள் போய் உட்காரும் சத்து அல்ல. சாப்பாட்டுக் கால்சியத்தைக் குடலில் உள்ளே விடும் அனுமதி அது. அது குறைந்தால் எலும்பு கரையும், ரத்தக் கால்சியம் மட்டும் ஒழுங்காகவே தெரியும்.

தோல், ஈரல், சிறுநீரகம்: மூன்று கை மாறும் சரக்கு

வைட்டமின் என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, இது உண்மையில் உடம்பே தயாரிக்கும் ஒரு ஹார்மோனின் மூலச்சரக்கு. தோலில் கொலஸ்ட்ராலுக்கு உறவான ஒரு பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள யு.வி.பி. கதிர் படும்போது அது வைட்டமின் டி3 ஆக மாறுகிறது. யு.வி.பி. என்பது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரில் ஒரு குறிப்பிட்ட பகுதி. டி3 ரத்தத்தில் கலந்து ஈரலுக்குப் போய் '25-ஹைட்ராக்சி வைட்டமின் டி' ஆகிறது. லேபில் 'வைட்டமின் டி டெஸ்ட்' என்று அளப்பது இந்தச் சேமிப்பு வடிவத்தைத்தான். கடைசியில் சிறுநீரகம் அதை 'கால்சிட்ரியால்' ஆக்குகிறது. குடலில் போய்க் கையெழுத்துப் போடுவது இந்தக் கடைசி வடிவம்.

வயதானால் தோலிலும் சிறுநீரகத்திலும் உற்பத்தி படுக்கும், முதலில் தோலில். 1985-இல் வெளியான ஓர் ஆய்வில் 8, 18 வயதுக்காரர்களின் தோலையும் 77, 82 வயதுக்காரர்களின் தோலையும் ஒரே கதிரில் வைத்துப் பார்த்தார்கள். முதியவர் தோலில் உண்டான சரக்கு பாதிகூட இல்லை. அதாவது பேரன் அரை மணி நேரத்தில் சம்பாதிப்பதைத் தாத்தா ஒரு மணி நேரம் காய்ந்தாலும் சம்பாதிக்க முடியாது. அதன்மேல் கருத்த தோல் வேறு. தோலின் நிறமி இயற்கையான குடை என்பதால், வெள்ளைத் தோலுக்கு எழுதிய '10 நிமிடம்' நம் ஊர்ப் பெரியவருக்குப் பொருந்தாது.

எந்த வெயில்?

யு.வி.பி. கதிர் காற்று மண்டலத்தைத் தாண்டி வருவதே பெரும்பாடு. சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளி சாய்வாக, தடித்த காற்றுப் படலத்தின் வழியே வருகிறது. வெளிச்சமும் இளஞ்சூடும் வந்து சேரும், யு.வி.பி. வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடும். நமக்குப் பக்கத்திலேயே, சென்னையின் அதே அட்சரேகையை ஒட்டிய திருப்பதியில் செய்த ஆய்வில், தோலில் நடக்கும் அந்த வேதி மாற்றத்தை மணிக்கு மணி அளந்தார்கள். காலை 11 முதல் பிற்பகல் 2 வரைதான் உற்பத்தி நன்றாக இருந்தது.

கடிகாரம் வேண்டாம், நிழலைப் பாருங்கள். ஆளின் உயரத்தைவிட அவர் நிழல் குட்டையாக இருந்தால் அந்த வெயிலில் டி உண்டு. நிழல் ஆளைவிட நீளமாக விழுந்தால் அது குளிருக்கு இதமான வெயில், அவ்வளவுதான்.

அடுத்தது கண்ணாடி. சாதாரண ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.யை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். கண்ணாடி அடைத்த வராந்தாவில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வைத்து, முகத்தில் வெயில் படுகிறதே என்று திருப்திப்படுவது வீண். அங்கே கிடைப்பது சூடு மட்டும். கம்பி போட்ட திறந்த வராந்தா என்றால் பரவாயில்லை, வெயில் நேரே உடம்பில் விழ வேண்டும். முகம் மட்டும் பட்டால் பரப்பு போதாது. முழங்கைக்குக் கீழே இரண்டு கை, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால் திறந்திருக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, போர்த்திய சால்வை, கால் வரை புடவை என்றால் உள்ளே ஒன்றும் நடக்காது.

இங்கேதான் நம் ஊரின் சிக்கல். டி கிடைக்கும் அதே நேரம்தான் முதியவருக்கு ஆபத்தான நேரமும். மார்கழி, தையில் பதினொரு மணிக்கு மேல் 20, 30 நிமிடம் முற்றத்தில் உட்கார வைக்கலாம், தலைக்குத் துண்டு போட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்து. கத்திரி வெயிலில் அதே காரியத்தைச் செய்தால் மயக்கமும் வெப்பத்தாக்கும் வரும். தாகமே தெரியாத வயது, அதன்மேல் பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை. படுக்கையில் இருப்பவரையும், நினைவு தப்பியவரையும், இரண்டு பேர் தாங்கிப் பிடித்தால்தான் நகர்கிறவரையும் வாரத்தில் நாலு நாள் வெளியே கொண்டுவர எந்த இல்லத்தில் ஆள் இருக்கிறது? வெளியே வருவதில் மனசுக்கு நன்மை உண்டு, தூக்கத்துக்கு நன்மை உண்டு. அதற்காக அழைத்து வாருங்கள். டி கணக்கை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

சாரம்: இளவெயில் உதவாது, கண்ணாடிக்குப் பின்னால் உதவாது, உச்சி வெயில் எல்லாருக்கும் ஏற்காது. இல்லத்தில் இருப்பவருக்கு வெயில் துணைக்கு வரும், முழுப் பொறுப்பையும் ஏற்காது.

தட்டில் எவ்வளவு வருகிறது?

மிகக் குறைவு. அளவைச் சொல்ல ஒரு அலகு தெரிந்துகொள்ள வேண்டும். வைட்டமின் டியை 'ஐ.யூ.' என்ற சர்வதேச அலகில் அளப்பார்கள். 40 ஐ.யூ. என்றால் 1 மைக்ரோகிராம்.

ஒரு முட்டையின் மஞ்சள் கரு சுமார் 40 ஐ.யூ. தரும். மத்தி, காணாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீனில் நன்றாகவே உண்டு, ஆனால் வாரம் எத்தனை நாள் அது இல்லத்துச் சமையலில் வருகிறது? அரிசி, பருப்பு, காய், கீரை, பழம் எதிலும் இல்லை. சாதாரணப் பாலிலும் இருப்பதாகச் சொல்லும்படி இல்லை. செறிவூட்டிய பால் என்றால் பாக்கெட்டில் நீல நிறத்தில் 'பிளஸ் எஃப்' முத்திரை இருக்கும். அதிலும் உணவுப் பாதுகாப்பு விதிப்படி லிட்டருக்கு 5 முதல் 7.5 மைக்ரோகிராம், அதாவது 200 முதல் 300 ஐ.யூ. தான். 200 மில்லி டம்ளர் ஒன்றுக்கு 40 முதல் 60 வரும். இல்லத்தில் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து காப்பி போட்டால் அதுவும் பாதி.

கால்சியம் கதை வேறு, அது சாப்பாட்டிலிருந்தே வரலாம். ஒரு டம்ளர் பசும்பாலில் சுமார் 240 மில்லிகிராம். 30 கிராம் கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சியில் சுமார் 100. முருங்கைக்கீரை, தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் கைகொடுக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "பால் குடிக்கிறாரே" என்ற சமாதானம் வருகிறது. பால் கால்சியம் தருகிறது. அதை உள்ளே விடுகிறவர் தனி ஆள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 ஐ.யூ., முதியவர்களுக்கு 800 ஐ.யூ. என்றிருக்கிறது. அமெரிக்கக் கணக்கிலும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 800 தான். பிரிட்டனில் இன்னும் நேரடியாக, பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்கள் ஆண்டு முழுவதும் தினமும் 10 மைக்ரோகிராம், அதாவது 400 ஐ.யூ. எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அரசு மருத்துவ சேவை சொல்கிறது. டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் நெடுநாள் எடுக்கக்கூடிய உச்ச வரம்பு நாளுக்கு 4,000 ஐ.யூ.

இந்தச் சின்ன அளவு என்ன செய்யும் என்பதற்கு நல்ல சான்று பிரான்ஸிலிருந்து வந்தது. லியோன் பகுதியில், முதியோர் இல்லங்களில் வசித்த, நடமாட்டம் உள்ள 3,270 பெண்கள். சராசரி வயது 84. பாதிப் பேருக்குத் தினமும் 800 ஐ.யூ. டி3-யும் 1.2 கிராம் கால்சியமும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 1992-இல் வெளியான முடிவில், 18 மாதம் தொடர்ந்து எடுத்தவர்களிடம் இடுப்பு எலும்பு முறிவு 43 சதவீதம் குறைவாக இருந்தது. பின்னாளில் வெளியில் வாழும் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் இப்படி ஒரு பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முரண்பாடு இல்லை. பீரோ நிறைய இருப்பவருக்கு இன்னொரு சம்பளம் பெரிதாகத் தெரியாது. இல்லத்துக்குள்ளேயே இருப்பவர் நிலைமை அப்படி இல்லை.

விழுவதைப் பற்றியும் இதே போல அளந்து பேச வேண்டும். பராமரிப்பு இல்லங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், டி கொடுத்த இடங்களில் மொத்தமாக விழும் தடவைகள் குறைந்தன. ஒரு தடவையாவது விழுகிறவர்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஆகவே வழுக்கும் குளியலறைக்கும், இரவில் எரியாத விளக்குக்கும் டி மாற்று அல்ல.

அறுபதாயிரம் பாக்கெட்

நம் ஊரில் வைட்டமின் டி என்றாலே மருந்துக்கடையில் எடுத்து நீட்டுவது 60,000 ஐ.யூ. பவுடர் பாக்கெட். குறைபாடு கடுமையாக இருந்தால் டாக்டர்கள் வாரம் ஒன்றாக 8 வாரம் எழுதுவார்கள், பிறகு மாதம் ஒன்று. கிணறு வற்றியிருக்கும்போது லாரித் தண்ணீர் விடுவது போன்ற சிகிச்சை அது. நிரம்பிய பிறகும் லாரி வந்துகொண்டே இருந்தால்தான் வம்பு.

சீட்டில் 'வாரம் ஒன்று' என்று இருக்கும். இல்லத்தில் மற்ற மாத்திரையெல்லாம் தினமும் கொடுப்பதால், புதிதாக வந்த உதவியாளர் கைப்பழக்கத்தில் இதையும் தினமும் கரைத்துக் கொடுத்துவிடுவார். ஒரு வாரத்தில் 4,20,000. இன்னொரு வகை: இல்லத்தில் ஞாயிறுதோறும் ஒரு பாக்கெட், மாதம் ஒருமுறை பார்க்க வரும் மகன் வாங்கி வந்து தலையணை அடியில் வைத்துப் போன வாரக் கேப்ஸ்யூல் தனியாக. இரண்டும் 60,000. நாள் கணக்கில் வகுத்தால் 17,000-க்கு மேல். அட்டைப்பெட்டியின் பெயர் வேறு வேறு என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

உபரி டி சிறுநீரில் கழிந்துவிடாது, கொழுப்பில் தங்கும். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், குழப்பமான பேச்சு, சிறுநீரகப் பாதிப்பு என்று வரிசையாக வரும். இந்தப் பட்டியலைப் பாருங்கள், எல்லாமே 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடக்கூடிய அறிகுறிகள். மருந்தை நிறுத்திய பிறகும் பல வாரம் நீடிக்கும்.

விஷ அளவுக்குப் போகாவிட்டாலும் மொத்தமாகக் கொடுப்பதில் ஒரு கோளாறு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு ஆண்டுக்கு ஒரே தடவை 5 லட்சம் ஐ.யூ. கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வந்த முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது: மருந்து எடுத்தவர்கள் 15 சதவீதம் அதிகம் விழுந்தார்கள், எலும்பு முறிவு 26 சதவீதம் கூடியது, அதுவும் டோஸ் கொடுத்த முதல் மூன்று மாதத்தில் விழுந்தது அதிகம். 2016-இல் சூரிச் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஏற்கெனவே விழுந்த அனுபவமுள்ள 200 பேர். மாதம் 60,000 ஐ.யூ. எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் அந்த ஆண்டில் விழுந்தார்கள், மாதம் 24,000 எடுத்தவர்களில் 48 சதவீதம். 24,000-ஐ நாளுக்குப் பிரித்தால் அதே 800 தான். 6 லட்சம் ஐ.யூ. ஊசியைப் போட்டுவிட்டு 'ஆறு மாசத்துக்குக் கவலை இல்லை' என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆய்வையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

சாரம்: முதியவருக்குத் தினமும் சின்ன அளவுதான் நல்ல வழி. பெரிய டோஸ் டாக்டர் முடிவு செய்து, நாள் குறித்து, முடியும் தேதியோடு வர வேண்டிய சிகிச்சை.

டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

எல்லாருக்கும் வேண்டாம். வெளியே போகாத 80 வயதுக்காரருக்கு டி குறைவு என்று சொல்ல லேப் தேவையில்லை. டெஸ்ட்டோ மற்ற ரத்தப் பரிசோதனைகளைவிட விலை கூடியது. அந்தக் காசில் மாதக்கணக்கில் மாத்திரை வாங்கலாம். 2024-இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கமும் 75 வயதைத் தாண்டியவர்களுக்கு டெஸ்ட் இல்லாமலேயே துணை மருந்து தரலாம் என்றும், பெரிய டோஸைவிடத் தினசரி டோஸே மேல் என்றும் சொல்லியிருக்கிறது.

எப்போது அவசியம்? நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, வாத்து போலச் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார், முன்கால் எலும்பையோ நெஞ்செலும்பையோ அழுத்தினால் வலிக்கிறது என்றால், அது வெறும் வாதம் இல்லாமல் எலும்பு மென்மையாகிப்போன நிலையாக இருக்கலாம். வலிப்பு மாத்திரையான பினிட்டாயின், கார்பமசெபைன் எடுப்பவர்களுக்கு உடம்பு டியை வேகமாக அழித்துவிடும். சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகக் கல், காசநோய் உள்ளவர்களுக்குத் துணை மருந்தே டாக்டர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். இதய மருந்தான டிகாக்சின் எடுப்பவருக்குக் கால்சியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும்.

ரிப்போர்ட்டில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் எலும்புக்குப் பொதுவாகப் போதும், 12-க்குக் கீழே கடும் குறைவு. மருந்து தொடங்கி மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி அளப்பதில் அர்த்தம் உண்டு.

கொடுக்கும் முறை

சாப்பாட்டோடு கொடுங்கள், அதுவும் கொஞ்சம் எண்ணெய், நெய், பால் சேர்ந்த வேளையில். கொழுப்பில் கரையும் பொருள் வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. பவுடரைப் பாலில் கலக்கினால் டம்ளர் அடியில் தங்குவதையும் அலசிக் குடிக்க வைக்க வேண்டும்.

கால்சியம் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். 'கால்சியம் 500 மி.கி., டி3 250 ஐ.யூ.' என்று இருந்தால், காலை ஒன்று, இரவு ஒன்று எடுப்பவருக்கு 500 ஐ.யூ. ஏற்கெனவே போகிறது. தைராய்டு மாத்திரை எடுப்பவருக்குக் கால்சியத்தை அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். இரண்டும் குடலில் ஒட்டிக்கொண்டால் தைராய்டு மருந்து வேலை செய்யாது. 'கால்சிட்ரியால்' என்று போட்டிருக்கும் கேப்ஸ்யூலை டி3-க்குப் பதிலாக மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. அது சிறுநீரகம் செய்து முடித்த கடைசிச் சரக்கு, கையெழுத்தை நேரடியாகப் போட்டுவிடும், அதனால் கால்சியம் சட்டென்று ஏறும்.

பவுடர் பாக்கெட் எழுதியிருந்தால் அதைத் தினசரி மருந்து டப்பாவில் போடவே கூடாது. தனி உறை, உறைமேல் பெயர், கிழமை, எத்தனை வாரம், கடைசித் தேதி. கொடுத்தவர் அன்றைக்கே தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். காலிப் பாக்கெட்டை அந்த உறையிலேயே போட்டு வைத்தால் மாதக் கடைசியில் எண்ணிப் பார்க்கலாம்.

புதிதாக ஒருவர் இல்லத்துக்கு வந்து சேரும் நாளில் கூட வந்தவரிடம் "கடைசியா டி பவுடர் எப்ப குடிச்சாங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கும் நினைவில்லை என்றால் பாக்கெட்டைப் பிரிக்காமல் டாக்டர் வரும் வரை வைத்திருங்கள். ஈரலில் உருவான அந்தச் சேமிப்பு வடிவம் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறினால் ஒன்றும் ஆகிவிடாது.